மேடையிலிருந்து படகுக்கு: சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் இயங்கும் தமிழ் அமைப்புகள், முன்னாள் மாணவர் சங்கங்கள், சமூக மன்றங்களின் இந்தியர் நற்பணிச் செயற்குழுக்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

பதினைந்து ஆண்டுகளாக உங்கள் விழாக்களுக்கு வந்துகொண்டிருப்பவள் நான். வரவேற்பு மேசையில் சந்தனமும் கற்கண்டும் ஏந்தி நின்றிருக்கிறேன். நிகழ்ச்சி முடிந்தபின் நாற்காலிகளை அடுக்கியிருக்கிறேன். ஏப்ரல் பிறந்து தமிழ் மொழி விழா வந்துவிட்டால் என் சனிக்கிழமைகள் எல்லாம் உங்களுக்குத்தான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன். மிச்சமுள்ள வார இறுதிகளில் நான் எங்கே போகிறேன் என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். கடலுக்குப் போகிறேன்.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பழைய பாய்மரப் படகு வைத்திருக்கிறோம். இருபத்தாறு அடி நீளம். எங்களில் ஒருவர் பள்ளி ஆசிரியை, ஒருவர் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர், இருவர் கணினித் துறை, நான் கணக்காளர். படகு என்றதும் வெள்ளைத் தோல் இருக்கையும் கண்ணாடிக் கிண்ணமும் கண்முன் வந்தால் தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள். எங்கள் படகின் உள்ளறையில் நிமிர்ந்து நிற்க முடியாது. மெத்தையில் உப்பு வாடை போகவே போகாது. மாதச் செலவை ஐந்தாகப் பங்கிட்டால், இந்த ஊரில் ஒரு கார் வைத்திருக்க ஆகும் செலவில் சிறு பகுதிதான் வரும். எங்கள் ஐவரில் யாரிடமும் கார் கிடையாது.

என் வேண்டுகோளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டு முழுவதும் நீங்கள் நடத்தும் நிகழ்ச்சிகளில் ஒன்றை, ஒன்றே ஒன்றை, மண்டபத்திலிருந்து பாய்மரப் படகுக்குக் கொண்டு வாருங்கள். இரவு விருந்து பரிமாறும் உல்லாசக் கப்பலைச் சொல்லவில்லை. அதில் மண்டபமே மிதக்கிறது, அவ்வளவுதான். வருகிறவர்கள் கயிறு பிடிக்கும் படகைச் சொல்கிறேன்.

எங்களுடைய ஒரு சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று சொன்னால் உங்களுக்குப் புரியும். காலை எட்டு மணிக்குக் கட்டுக்கயிற்றை அவிழ்ப்போம். படகுத்துறையை விட்டு வெளியேறும்வரை சிறிய இயந்திரம் ஓடும். நீர் அகலமானதும் பாயை ஏற்றி, இயந்திரத்தை நிறுத்துவோம். அந்த நொடி ஒன்று இருக்கிறதே, அதற்காகத்தான் வாரம் முழுக்கக் காத்திருக்கிறேன். சத்தம் நின்றுபோகும். படகு லேசாகச் சாய்ந்து, தானாக நகரத் தொடங்கும். திரும்பிப் பார்த்தால் ஃபேபர் மலைக்கும் செந்தோசாவுக்கும் நடுவே கம்பிவட ஊர்திகள் மணி கோத்ததுபோல் போய்க்கொண்டிருக்கும். அதற்கு அப்பால் நகரத்தின் கோபுரங்கள். முன்னால் நங்கூரமிட்ட எண்ணெய்க் கப்பல்கள், அவற்றுக்குத் தெற்கே தீவுகள்.

நம் துறைமுகத்தில் எந்த நேரமும் ஏறக்குறைய 1,000 கப்பல்கள் இருக்கின்றன. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு கப்பல் வருகிறது, அல்லது போகிறது. இதைப் பள்ளிப் பாடத்தில் எல்லாரும் படித்திருப்போம். இருபத்தாறு அடிப் படகில் உட்கார்ந்து, பத்து மாடி உயரத்துக்கு அடுக்கிய கொள்கலன்களோடு ஒரு கப்பல் திரும்புவதைப் பார்க்கும்போதுதான் அதன் பொருள் விளங்குகிறது. பாய்மரத்துக்கு இயந்திரப் படகு வழிவிட வேண்டும் என்பது கடலின் பொதுவிதி. ஆனால் கப்பல் தடத்தில் அது செல்லாது. அங்கே சிறியவர்கள்தான் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பெரிய கப்பலிலிருந்து ஐந்து குறுகிய ஊதல்கள் கேட்டால் 'உன் போக்கு எனக்குப் புரியவில்லை' என்று அர்த்தம். முதல் ஆண்டில் ஒருமுறை எங்களுக்காக அந்த ஊதல் கேட்டது. அதன்பின் கேட்க நேர்ந்ததே இல்லை.

பதினொரு மணிக்கு லாசரஸ் தீவின் வளைகுடாவிலோ செயின்ட் ஜான்ஸ் தீவுக்கு எதிரிலோ நங்கூரம் போடுவோம். புளிச்சோறு, நெத்திலி சம்பால், உருளைக்கிழங்கு வறுவல், குடுவையில் தேநீர். பாய் ஏறியிருக்கும்வரை எங்கள் படகில் மது கிடையாது. பக்கத்தில் நிற்கும் சில பெரிய படகுகளில் பாட்டுச் சத்தம் கரைவரை கேட்கும். அது அவர்கள் விருப்பம். எங்களுக்குப் பேச்சு போதும். ஒன்றரை மணிநேரம் ஒரே இடத்தில், கைப்பேசியை உள்ளறையில் போட்டுவிட்டு, ஐந்தாறு பேர் முகம் பார்த்துப் பேசுவது இந்த ஊரில் வேறெங்கே நடக்கிறது?

இங்கேதான் நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நம்முடைய கூட்டங்கள் எல்லாமே மேடையை நோக்கி உட்காரும் கூட்டங்கள். வரவேற்புரை, சிறப்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை, சாப்பாடு. இவற்றைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது, இவற்றுக்காக நானும் உழைத்திருக்கிறேன். ஆனால் மூன்று மணிநேரம் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் பெயர் தெரியாமலே வீட்டுக்குப் போன நாள்கள் எத்தனை! இளையவர்கள் வருவதில்லை என்று ஒவ்வொரு செயற்குழுக் கூட்டத்திலும் கவலைப்படுகிறோம். வந்தால் அவர்களுக்கு அங்கே என்ன வேலை இருக்கிறது? கைதட்டுவது மட்டும்தான்.

படகில் மேடை கிடையாது. சிறப்பு விருந்தினர் கிடையாது. ஏறியவருக்கெல்லாம் ஒரு கயிறு உண்டு. படகின் திசையைத் திருப்பும் நேரத்தில் ஒருவர் கயிற்றை விடவேண்டும், எதிர்ப்பக்கம் இருப்பவர் இழுக்கவேண்டும், மூன்றாமவர் சுக்கானைத் தள்ளவேண்டும். மூவரும் ஒருவருக்கொருவர் குரல் கொடுக்காமல் இது நடக்காது. எங்கள் ஆசிரியைத் தோழியின் மகளுக்குப் பதினான்கு வயது. வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை. முதல் நாள் காற்றில் கயிறு கையை மீறி ஓடியபோது தன் அம்மாவைப் பார்த்துக் கத்தினாள்: "இழும்மா, இழு, விடாத!" அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று அவளுக்கே தெரியவில்லை. அம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டே அழுதுவிட்டார்.

பிடோக்கில் எங்கள் மாடியில் ஓர் அத்தை இருக்கிறார். அறுபத்திரண்டு வயது. கடல் பார்த்த வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறார், முழங்காலுக்கு மேல் நீரில் இறங்கியதில்லை. சென்ற பிப்ரவரியில் மிகவும் வற்புறுத்தி அழைத்துப் போனேன். சேலைக்குப் பதிலாக மகளுடைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். உயிர்காப்பு அங்கியை மாட்டிவிட்டபோது அதன் ஒவ்வொரு பூட்டையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

முதல் ஒரு மணிநேரம் கைப்பிடிக் கம்பியை விடவே இல்லை. அப்புறம் நான் சுக்கான் பிடியை அவர் கையில் கொடுத்தேன். அது முதலில் யாரையும் குழப்பும். படகு வலப்பக்கம் போகவேண்டும் என்றால் பிடியை இடப்பக்கம் தள்ளவேண்டும். அத்தை நேர்மாறாகத் தள்ளினார், படகு காற்றுக்கு எதிரே திரும்பிப் பாய் படபடவென்று அடித்தது. பயந்துபோய்க் கையை எடுத்தார். "பாயோட முன் ஓரத்தப் பாருங்க அத்தை. அது நடுங்கிச்சுன்னா காத்து தப்புதுன்னு அர்த்தம். பிடிய மெதுவா உங்க பக்கம் இழுங்க" என்றேன். இழுத்தார். நடுக்கம் நின்றது. பாய் கொழுக்கட்டை மாவு உப்பியதுபோல் நிரம்பியது. படகு சாய்ந்து வேகமெடுத்தபோது அவர் உள்ளங்கைக்குக் கீழே அந்த மரப்பிடி அதிர்வது எனக்கே தெரிந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. கண்ணைப் பாயிலிருந்து எடுக்கவும் இல்லை. மதியம் மூன்று மணிக்குத் துறைக்குள் நுழைய நான் பிடியை வாங்கவேண்டியிருந்தது. "இன்னும் கொஞ்ச நேரம் குடேன்" என்றார்.

அந்த அத்தை உங்கள் ஆண்டு விழாக்களில் இருபது ஆண்டுகளாக நான்காவது வரிசையில் உட்கார்ந்திருப்பவர். நீங்கள் அவரை வேறு எதற்கும் அழைத்ததில்லை.

இன்னொருவரைப் பற்றியும் சொல்லவேண்டும். இந்த மடலை எழுத வைத்தவரே அவர்தான்.

எங்கள் மேற்பார்வையாளர் நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பட்டறையில் வேலை செய்யும் பற்றவைப்பாளர் ஒருவரை அழைத்து வந்தார். இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைக்காரர். ஆறு ஆண்டுகளாக இங்கே கப்பல் பழுது பார்க்கிறார், ஒரு நாளும் கடலில் போனதில்லை. விடுமுறை கிடைத்தால் பேருந்து ஏறித் தேக்காவுக்கு வருவார், பணம் அனுப்புவார், திடலில் உட்கார்ந்து ஊருக்குப் பேசுவார், திரும்பிப் போவார். படகில் கால் வைக்கும் முன் காலணியைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டு, குனிந்து படகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நாங்கள் கயிறுகளுக்கு ஆங்கிலப் பெயர்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். பயிற்சி வகுப்பில் அப்படித்தான் கற்றோம். பாயின் மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றைக் கையில் வாங்கியவர், "இதத்தான் நாங்க தாமான்னு சொல்லுவோம்" என்றார். பாயை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயைத் தாங்கும் கழி பருமல். முன்பக்கம் அணியம். கடலடியில் ஓடும் நீரோட்டம் நீவாடு. பத்து நிமிடத்தில் எங்கள் படகு முழுக்கத் தமிழாகிவிட்டது. பத்தாண்டு படகு ஓட்டிய எனக்கு அதில் அணியம் மட்டும்தான் முன்பே தெரியும்.

சொல்லோடு நின்றுவிடவில்லை. கூசு தீவைத் தாண்டும்போது நீர்மேல் தொலைவில் ஒரு கருமை படர்வதைப் பார்த்து, "அக்கா, காத்து இறங்குது, தாமானைக் கொஞ்சம் விடுங்க" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் விட்டேன். எட்டு, ஒன்பது, பத்து எண்ணியிருப்பேன். காற்று வந்து மோதியது. விட்டிருக்காவிட்டால் படகின் விளிம்பு நீரில் புதைந்திருக்கும். நாங்கள் வானிலைச் செயலியைப் பார்க்கிறோம். அவர் தண்ணீரைப் பார்க்கிறார்.

திரும்பி வந்தபோது நடந்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. படகுத்துறை ஒன்றின் வாசலில் எங்கள் ஆறு பேரில் அவர் ஒருவரிடம் மட்டும் வேலை அனுமதி அட்டையைக் கேட்டார்கள். யார் அழைத்து வந்தது, எதற்கு வந்தார் என்று கேட்டார்கள். எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. நான் குரலை உயர்த்தினேன், நண்பர் விருந்தினர் பதிவேட்டைக் காட்டினார். அவர் பேசாமல் அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, "பரவால்லக்கா" என்றார். அடுத்த மாதம் அழைத்தோம், வேலை இருக்கிறது என்றார். அதற்கடுத்த மாதமும் அதையே சொன்னார்.

நாங்கள் ஐந்து நண்பர்கள். எங்களால் அவரை விருந்தாளியாக மட்டும்தான் அழைக்க முடியும். உங்கள் அமைப்பு அழைத்தால் அவர் ஆசானாக வருவார். உங்கள் முத்திரையிட்ட கடிதத்தில் 'இன்றைய பயிற்றுநர்' என்று அவர் பெயர் இருந்தால் எந்த வாசலில் யார் என்ன கேட்பார்கள்? துவாஸிலும் ஜூரோங்கிலும் தொழிலாளர் விடுதிகளில் நாகப்பட்டினத்து, இராமநாதபுரத்து, தூத்துக்குடிக் கரைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தீபாவளி விருந்து போடுகிறோம், நல்ல காரியம்தான். அவர்களிடமிருந்து நாம் வாங்கிக்கொள்ள ஒன்று இருக்கிறது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

நம் மேடைகளில் கடல் இல்லாமல் இல்லை. கடாரம் வென்ற 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் பற்றி எத்தனை பேச்சுப்போட்டிகள் நடத்தியிருக்கிறோம்! ராஜேந்திர சோழனின் மரக்கலங்களைப் பற்றி முழங்கும் சிறுவனுக்குப் பாய் எப்படிக் காற்றை வாங்குகிறது என்று நாம் காட்டுவதில்லை. துறையில் இரட்டை உடல் கொண்ட படகுகள் வரிசையாக நிற்கின்றன, உலகமே அவற்றைக் கேட்டமரான் என்கிறது. அந்தச் சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது.

ஆயிரம் ஆண்டுகள் பின்னால் போகவும் வேண்டாம். தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா இருக்கிறதே, 1828க்கும் 1830க்கும் இடையே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் எழுப்பியது, அது அன்றைக்குக் கடற்கரை. கரையேறியவர்கள் நாகூர் ஆண்டவருக்கு நன்றி சொல்லக் கட்டினார்கள். கடலைத் தூர்த்துத் தூர்த்து இன்று அந்த வாசலிலிருந்து கடல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. சிங்கப்பூர் ஆற்றில் முதல் சில பத்தாண்டுகள் சரக்குப் படகுகளைத் தள்ளியவர்களில் பெரும்பாலோர் தமிழ் முஸ்லிம் படகோட்டிகள்தாம். 1933இல் திறந்த கிளிஃபர்ட் படகுத்துறை 2006இல் மூடப்பட்டது. கூசுத் தீவுக்குப் போகும் படகுகள் மரினா சவுத் துறைக்கு இடம் மாறின. 2008இல் மரினா அணைக்கட்டு வந்தபின் அந்தத் துறைக்கு முன்னிருந்த மரினா வளைகுடாவே நன்னீர்த் தேக்கமாகிவிட்டது. குடிநீருக்கு அது தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நகரத்தின் நடுவே நின்று உப்புக்காற்றை முகர்ந்த கடைசித் தலைமுறை நாங்கள் என்று தோன்றும்போது மனம் கனக்கிறது.

என் தாத்தா 1937இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தார். மேல்தளப் பயணி. ஒரு வாரம் போலக் கடலில். வந்ததும் ஊருக்குள் விடவில்லை. 1874இலிருந்து நோய்த்தடுப்பு முகாமாக இருந்த செயின்ட் ஜான்ஸ் தீவில் இறக்கிவிட்டார்கள். துணிகளை வாங்கி ஆவியில் போட்டார்கள், ஊசி குத்தினார்கள், நாள்களை எண்ணச் சொன்னார்கள். இரவில் எதிர்க்கரையில் விளக்கு தெரியும், அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்போம் என்பார். சிங்கப்பூர் அவருக்கு முதலில் அந்த விளக்குகள்தான். அப்புறம் முப்பது ஆண்டுகள் தஞ்சோங் பகாரில் மூட்டை தூக்கினார்.

அந்தத் தீவுக்கு எதிரில் நாங்கள் நங்கூரமிடும்போது நான் எப்போதும் வடக்கே திரும்பித்தான் உட்காருவேன். அவர் பார்த்த திசை அது. இப்போது விளக்குகளுக்குப் பதில் கோபுரங்கள் நிற்கின்றன. உங்களில் எத்தனை பேருடைய தாத்தாவோ பாட்டியோ அந்தக் கரையில் நாள்களை எண்ணியிருப்பார்கள்! மரினா சவுத் துறையிலிருந்து படகு ஏறினால் கொஞ்ச நேரத்தில் அங்கே போய்விடலாம். இத்தனை மரபுடைமைக் கண்காட்சிகள் நடத்திய நாம், ஒருமுறையாவது நம் பிள்ளைகளை அந்த நீரில் நிறுத்தி, "இங்கிருந்துதான் பார்த்தார்கள்" என்று காட்டியிருக்கிறோமா?

என்ன மறுப்பு வரும் என்று எனக்குத் தெரியும், எல்லாவற்றையும் என் அம்மாவிடமே கேட்டுவிட்டேன். முதலாவது, தண்ணீரில் கண்டம். என் ஜாதகத்திலும் அப்படி எழுதியிருக்கிறதாம். அந்தப் பயத்தைக் கேலி செய்ய நான் தயாரில்லை, கடலைப் பார்த்துப் பயப்படுவது நியாயம். ஆனால் அந்தப் பயத்துக்கு மருந்து நீச்சலும் உயிர்காப்பு அங்கியும்தான், கரையில் நிற்பது அல்ல. நீச்சல் தெரியாதவரும் அங்கியோடு வரலாம். அங்கி இல்லாமல் எவரையும், எவ்வளவு பெரியவராக இருந்தாலும், படகில் ஏற்றக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

இரண்டாவது, பெண் பிள்ளை கறுத்துப் போவாள் என்பது. இதற்கு மட்டும் நான் பதில் சொல்லப் போவதில்லை. இதை இனிமேல் யார் வீட்டிலும் யாரும் சொல்லக் கூடாது.

மூன்றாவது, படிப்பு. சனிக்கிழமை துணைப்பாட வகுப்பு இருக்கிறது என்பார்கள். 2024 ஆகஸ்ட் 9ஆம் தேதி, நம் தேசிய தினத்தன்று, பதினேழு வயது மேக்சிமிலியன் மேடர் பாரிஸ் ஒலிம்பிக்கில் பட்டம் இழுத்துச் செல்லும் பலகை ஓட்டிச் சிங்கப்பூருக்கு வெண்கலம் வாங்கினார். பாய்மரப் போட்டிகளில் இந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. எல்லாப் பிள்ளையும் பதக்கம் வாங்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. தேர்வுக்கு வெளியிலும் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்பதற்கு அவர் போதும்.

செலவு, நான்காவது. சிறு பாய்ப்படகு ஓட்ட அடிப்படைப் பயிற்சி இரண்டு வார இறுதிகளில் முடிந்துவிடும், சில நூறு வெள்ளி ஆகும். குடும்பமாகப் போனால் அது பாரம்தான், ஒத்துக்கொள்கிறேன். அங்கேதான் உங்கள் உதவி வேண்டும். ஓர் ஆண்டு விழாவின் மேடை அலங்காரத்துக்கும் நினைவுப் பரிசுகளுக்கும் ஆகும் தொகையை எடுத்து வையுங்கள். எத்தனை குடும்பங்களுக்குப் பயிற்சிக் கட்டணத்தில் பாதியைத் தரமுடியும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் கணக்காளர், உட்கார்ந்து போட்டுத் தருகிறேன். கிழக்குக் கடற்கரையில் தேசியப் பாய்மரப் படகு நிலையம் இருக்கிறது. மக்கள் கழகத்துக்கும் நீர் விளையாட்டு நிலையங்கள் இருக்கின்றன. இடத்துக்கும் படகுக்கும் நாம் புதிதாக எதுவும் கட்டவேண்டாம்.

சிறுவர்களுக்கு ஆப்டிமிஸ்ட் என்னும் குட்டிப் படகு. 2.3 மீட்டர் நீளம்தான், பார்க்கத் தொட்டிபோல் இருக்கும், ஒரு பிள்ளை தனியாக ஓட்டலாம். பெரியவர்கள் ஐந்தாறு பேர் ஏறும் படகில் பயிற்றுநரோடு போகட்டும். ஆங்கிலத்தில் பயிற்சி தரும் நிலையத்துப் பயிற்றுநர் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். அவர் பக்கத்தில் நம் கரைக்காரர் ஒருவர் உட்கார்ந்து தாமானையும் ஆஞ்சானையும் சொல்லித் தரட்டும். பாதுகாப்பு விதிகளில் ஒன்றைக்கூடத் தளர்த்த வேண்டாம். படகு ஓட்டும்போது தமிழில் பேசிக்கொண்டால் போதும்.

பருவத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இதைத் தவறவிட்டால் எல்லாம் வீணாகும். ஏப்ரலில் தமிழ் மொழி விழாவோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாமே என்று உங்களுக்குத் தோன்றும். வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு பருவக்காற்றுக்கும் இடையே காற்று செத்துக் கிடக்கும், பிற்பகலில் இடி மின்னல் வரும். அந்தக் கடலில் உயரமாக நிற்பது நம் பாய்மரம் ஒன்றுதான். அதோடு அந்த மாதங்களில் தொடங்கி நவம்பர்வரை சுமத்ராவிலிருந்து சூறைக்காற்று வந்து இறங்கும். விடியலுக்கு முன்னும் காலையிலும்தான் பெரும்பாலும் வரும், மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும். மேற்கே வானம் ஒரே கோடாகக் கறுத்தால் நாங்கள் பாயை இறக்கிவிட்டுத் துறைக்குத் திரும்பிவிடுவோம். அப்படித் திரும்பிய நாள்களில் எவரும் முணுமுணுத்ததில்லை.

புதியவர்களுக்கு ஏற்றது வடகிழக்குப் பருவக்காற்றின் பின்பாதி. ஜனவரி கடைசி, பிப்ரவரி, மார்ச் தொடக்கம். டிசம்பர் மழை ஓய்ந்திருக்கும். வாடை ஒரே சீராக வீசும். பிடோக் அத்தை சுக்கான் பிடித்தது அந்தக் காற்றில்தான். நீவாட்டையும் பார்த்து நேரம் குறிக்கவேண்டும், தீவுகளுக்கு நடுவே ஓதம் ஏறும்போதும் வடியும்போதும் நீர் ஆறுபோல் ஓடும். அந்த நேரக் கணக்கை எங்கள் படகுக்காரர்கள் போட்டுத் தருவோம்.

இன்னும் ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. 2024 ஜூன் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங் முனையத்தில் தூர்வாரும் கப்பல் ஒன்று எரிபொருள் கப்பலை மோதி, ஏறக்குறைய 400 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. செந்தோசா, தென் தீவுகள், கிழக்குக் கடற்கரை எல்லாம் கறுத்துப்போயின. அடுத்து நாங்கள் படகுக்குப் போனபோது அதன் வயிற்றில் நீர்மட்டத்தை ஒட்டி விரல் அகலத்துக்குக் கறுப்புக் கோடு. துணியால் துடைக்கத் துடைக்க வழுக்கிக்கொண்டே போனது. அலுவலகத்தில் அதைச் சொன்னபோது செய்தியில் பார்த்தோம் என்றார்கள். எனக்கு அது செய்தியாக இல்லை, வீட்டு வாசலில் நடந்ததுபோல் இருந்தது. கடலில் போய்வரும் தமிழ்க் குடும்பங்கள் ஐம்பது இருந்தால், அடுத்த முறை ஐம்பது வீடுகளில் அப்படி வலிக்கும்.

உங்கள் செயற்குழுக்கள் அடுத்த ஆண்டின் நிகழ்ச்சி நிரலை இப்போதுதான் போட்டுக்கொண்டிருக்கும். எங்கள் படகையும் எங்களையும் எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்த படகுக்காரர்கள் இன்னும் சிலரிடமும் பேசியிருக்கிறேன். சீன நண்பர் ஒருவரும் மலாய் நண்பர் ஒருவரும் தங்கள் படகுகளைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வருகிறவர்கள் தொப்பியும், உலர்ந்த மாற்றுடையும், குடிக்க இரண்டு லிட்டர் தண்ணீரும் கொண்டுவந்தால் போதும். பொன்னாடை வேண்டாம், காற்றில் பறந்துவிடும்.

பிப்ரவரியில் ஒரு நாளைக் குறித்துச் சொல்லுங்கள். அது ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். கப்பல் பட்டறையில் சனிக்கிழமை வேலை நாள்.

அன்புடன்,
வார இறுதிப் படகோட்டி ஒருத்தி
பிடோக்